கருமாதிக்கு யாரும் வராதீர்கள்

என் அருமை அண்ணே,

பயமாக இருக்கிறது. ‘நலம், நலமறிய ஆவல்’ என்று தொடங்கத்தான் பேனாவை எடுத்தேன். போய்ச் சேர்ந்துவிட்ட உன்னிடம் என்ன நலம் கேட்பது? இங்கே நாங்கள் நலம் என்று எழுதவும் கை வரவில்லை. எழுதி முடிப்பதற்குள் அது பொய்யாகிவிட்டால்? அதனால் பயத்தையே முதல் வரியாக எழுதிவிட்டேன்.

இதைப் பத்திரிகைக்கு அனுப்பப் போகிறேன். உனக்காகக் கூட்டம் கூடவில்லை, நாலு பேர் உட்கார்ந்து உன்னைப் பற்றிப் பேசவில்லை. அவரவர் வீட்டில் இருந்தபடி படிக்கட்டும். படிப்பதால் யாருக்கும் எதுவும் தொற்றாது.

காலரா இன்னும் மலாக்காவை விட்டுப் போகவில்லை, அண்ணே. அந்தப் பேரை வீட்டுக்குள் சொல்லக்கூடாது என்பது அண்ணியின் உத்தரவு. சொன்னால் வந்துவிடுமாம். நீ நாள் முழுக்க அரசாங்க வேனில் ஏறி ஒலிபெருக்கியில் அதைத்தானே சொன்னாய் என்று நான் கேட்பேன் என நினைத்துத்தான் அண்ணி என்னை முறைக்கிறாள் போலிருக்கிறது. நான் கேட்கவில்லை. “அதனாலதான் அவருக்கு வந்துச்சு” என்று அவள் சொல்லிவிடுவாள்.

ஊர்ச் செய்தி சொல்கிறேன். பசாரில் சிப்பி விற்கக்கூடாது, வெட்டி வைத்த பழம் விற்கக்கூடாது, ஐஸ் விற்கும் வண்டி எந்தத் தெருவுக்குள்ளும் வரக்கூடாது. காஜா பெராங்கில் நம் வீட்டு வரிசைக் கிணற்றில் சுகாதார ஆட்கள் வெள்ளைத் தூளைக் கொட்டிவிட்டுப் போனார்கள். அந்த வாடை இன்னும் தண்ணீரில் இருக்கிறது. ஜாலான் துக்காங் எமாசில் கோயிலிலும் கூட்டம் இல்லை, பள்ளிவாசலிலும் கூட்டம் இல்லை. இரண்டுக்கும் நடுவில் நின்று நீ ஒரே அறிவிப்பைப் படித்துவிட்டு, “பாத்தியா, ரெண்டு சாமியும் என் பேச்சைக் கேக்குது” என்று வீட்டில் வந்து பீற்றிக்கொண்டாயே, அந்த இடம்தான்.

பள்ளிக்கூடத்தில் ஊசி போட்டார்கள். நானும் அண்ணியும் மல்லிகாவும் போட்டுக்கொண்டோம். உன் மகள் ஊசிக்கு அழவில்லை. ஊசி போட்ட மிஸியின் வெள்ளை உடுப்பைப் பார்த்துத்தான் அழுதாள். உன்னைத் தூக்கிக்கொண்டு போனவர்களும் அதே உடுப்பில்தானே வந்தார்கள்.

ஒரு சாயங்காலம் அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு படுத்துவிட்டாள். அண்ணி வாயில் சேலையை வைத்து அமுக்கிக்கொண்டு நிற்கிறாள், நான் நோயாளியை ஏற்றிப்போகும் ஆஸ்பத்திரிக் காடிக்கு ஆள் அனுப்ப ஓடுகிறேன். அப்போதுதான், “அத்தை, கடையில ஊறுகா மாங்கா தின்னேன்” என்று முனகினாள். அடித்துவிட்டேன், அண்ணே. அடித்துவிட்டு அவளைக் கட்டிக்கொண்டு நானே ஓவென்று அழுதேன். விடியும் வரை அவள் வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டே கிடந்தோம். வெறும் மாங்காய்தான். ஆனாலும் அன்றைக்கு வந்த பயம் என்னை விட்டு இறங்கவே இல்லை.

உன் மேல் எனக்குக் கோபமும் இருக்கிறது. சுதந்திரம் கிடைத்த வருஷம் அந்த வேனில் ஏறி, “எல்லாரும் திடலுக்கு வாங்க” என்று தெருத் தெருவாகக் கூப்பிட்டாய். உன் குரலுக்கு ஊரே திரண்டு போனது. இந்த வருஷம் அதே வேனில், அதே குரலில், “கூட்டம் கூடாதீங்க, கண்ட இடத்துல தண்ணி குடிக்காதீங்க, துக்க வீட்டுல சாப்பிடாதீங்க” என்றாய். ஊரெல்லாம் கேட்டது. நீ கேட்டாயா?

உஜோங் பாசிரில் உன் கூட்டாளி செத்தபோது மாரடைப்பு என்றார்கள். நெஞ்சுவலிக்காரன் வீடுதானே என்று போனாய். அடக்கம் முடிந்து திரும்பியதும் யாரோ தண்ணீர் கொண்டுவந்து நீட்டியிருக்கிறார்கள். வீட்டுக்கு வந்து நீதான் சொன்னாய். “எழவு வீட்டுல நீட்டுன தண்ணிய எப்படித் தட்டுறது, பாரு? ஒரு மங்குத் தண்ணிதானே.” ஊருக்குத்தான் உபதேசமா, அண்ணே? மைக்கைப் பிடித்தால் அவ்வளவு தைரியமாகப் பேசுகிறவனுக்கு, வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்ல வாய் வரவில்லையா?

வரவில்லைதான். எனக்கும் வந்திருக்காது. நம் ஆட்களில் யாருக்குத்தான் வரும்?

ஆஸ்பத்திரி வாசலில் அண்ணியை நிறுத்திவிட்டார்கள். உன் முகத்தைக்கூடக் காட்டவில்லை. அடக்கத்துக்குச் சித்தப்பாவையும் சடங்கு செய்யும் பண்டாரத்தையும் மட்டும் விட்டார்கள், அதுவும் தூரத்தில் நிற்கச் சொல்லி. அப்பா போன பிறகு நம் இருவரையும் தோளில் தூக்கி வளர்த்த மனிதர், உன் மேல் ஒரு பிடி மண் போட முடியாமல் உஜோங் பாசிருக்குத் திரும்பிப் போனார். அந்த வேதனைதான் அவரைப் பிடிவாதக்காரர் ஆக்கிவிட்டது.

கருமாதிக்குச் சில நாள் இருக்கும்போது சைக்கிளில் வந்தார். வாசலில் நின்றபடியே, யார் யார் வருவார்கள், எத்தனை படி அரிசி, எங்கே பந்தல் என்று பேச ஆரம்பித்துவிட்டார். செமாபோக்கில் இருக்கும் சொந்தம், தோட்டத்தில் இருக்கும் சொந்தம், அவர் குடியிருக்கும் கம்பத்து ஆட்கள் எல்லாரும் வருவார்களாம்.

“சித்தப்பா, உங்க கம்பத்துலயே ஆஸ்பத்திரிக் காடி வந்துட்டுப் போச்சாமே. இப்ப கூட்டம் வேணாம். யாரையும் வரவேணாம்னு சொல்லிடுங்க” என்றேன்.

“என்ன பேச்சு பேசுற, புள்ள? கல்யாணத்துக்குத்தான் வெத்தல பாக்கு வச்சு அழைக்கணும். சாவுக்கு எவனையும் அழைக்கிறதில்ல, அவனவனா வருவான். அழைக்காதவன வராதேன்னு எப்படிச் சொல்லுவ?”

“அண்ணனே அதைத்தான சொல்லிக்கிட்டுத் திரிஞ்சிச்சு?”

“அவன் அநாதைப் பொணமா போனது போதும். கருமாதியாச்சும் நாலு சனத்தோட நடக்கட்டும். பயந்துக்கிட்டுக் கதவ மூடிக்கிட்டா அப்புறம் சொந்தம்னு எதுக்கு இருக்கு?”

அண்ணி கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவளும் அவர் பக்கம்தான். முகம் பார்க்காமல் அனுப்பிய புருஷனுக்கு இதையாவது முறையாகச் செய்ய வேண்டும் என்று நினைக்கிறாள். அவளை எப்படிக் குறை சொல்வேன்? ஆனால் எனக்குக் கண்ணை மூடினால் பந்தியும், வரிசையாக வைத்த தண்ணீர் மங்குகளும், அவற்றுக்கு நடுவே ஓடி விளையாடும் மல்லிகாவும்தான் தெரிந்தன. அண்ணே, உண்மையைச் சொல்கிறேன், உன் ஆத்மா சாந்தியடையுமா என்ற கவலை எனக்கு அப்போது வரவே இல்லை. அந்தக் குழந்தை பிழைக்குமா என்ற ஒரே நினைப்புதான்.

மறுநாள் உன் வேன் ஓட்டுநர் ஹாசிம் வந்தார். உள்ளே வரவில்லை, வேனை நிறுத்திவிட்டு வேலிக்கு வெளியிலேயே நின்றார். பாவம், உன்னைப் பற்றிப் பேச ஆரம்பித்து இரண்டு தரம் நிறுத்தினார். பிறகு என்னை ‘அடேக்’, தங்கச்சி என்றும் உன்னை ‘அபாங்’, அண்ணன் என்றும் மலாயும் தமிழுமாகக் கலந்து சொன்னார். “அடேக், உன் அபாங் போன பிறகு காடி தமிழ் இல்லாம ஓடுது. மலாய் நான் சொல்றேன், சீனத்துக்கு ஆள் இருக்கு. செட்டி கம்பத்து ஆளுங்க வீட்டுலயே மலாய்தான், அவங்களுக்கு என் மலாய் போதும். உங்க தமிழாளுங்க பாதிப் பேர் வாசல்ல நின்னு கேட்டுட்டு, ஒன்னும் புரியாம உள்ள போறாங்க. ஆபீசுல கேட்டேன். வேற ஆள் வர்ற வரைக்கும் நீ படிக்கிறியா?”

நானா? தையல் மிஷினோடு மட்டும் பேசுகிறவள் நான். கடைக்காரரிடம் பாக்கிச் சில்லறை கேட்கவே உன்னை அனுப்புகிறவள். முடியாது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அழைக்காதவர்களை வராதே என்று எப்படிச் சொல்வது என்று சித்தப்பா கேட்டது ஞாபகம் வந்தது. அதற்கு இருக்கிற ஒரே வழி அந்த வேன்தான், அது வேலிக்கு வெளியே நிற்கிறது என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. வருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

வேனில் உன் இடத்தில் உட்கார்ந்தேன். தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடியுங்கள், வாந்தியும் வயிற்றுப்போக்கும் கண்டால் மறைக்காதீர்கள், உடனே சொல்லி அனுப்புங்கள் என்று எழுதிக் கொடுத்ததைப் படித்தேன். மூச்சு விடாமல் படபடவென்று முடித்தேன். ஹாசிம் திரும்பிப் பார்த்து, “பெலான் பெலான், அடேக்” என்று நிதானமாகப் படிக்கச் சொல்லி வண்டியை மெதுவாக்கினார். நம் வரிசைக்குள் வேன் நுழைந்தது. நான் தாளை மடியில் வைத்துவிட்டேன்.

“நான் சுப்பையாவோட தங்கச்சி பேசுறேன். இத்தன நாளா இந்த வேன்ல பேசுனது எங்கண்ணன். அது காலராவுல போயிடுச்சு. அதோட கருமாதிக்கு யாரும் வராதீங்க. வீட்டாளுங்க மட்டும் செஞ்சிக்கிறோம். சாவுக்கு வராதேன்னு சொல்றது மொறை இல்ல, எனக்குத் தெரியும். ஆனா நீங்க வந்தா தண்ணி குடுக்காம எங்களால அனுப்ப முடியாது. குடுத்தா வேணாம்னு உங்களாலயும் சொல்ல முடியாது. எங்கண்ணனும் அப்படித்தான் குடிச்சிச்சு. ஒங்களக் கும்புட்டுக் கேக்குறேன், வராதீங்க.”

ஒரு வீட்டில் சன்னலைப் படாரென்று சாத்தினார்கள். “பொட்டச்சிக்கு வந்த திமிர பாரு” என்று ஒரு குரல். செமாபோக்கிலும் சொன்னேன். கடைசியாக உஜோங் பாசிர். சித்தப்பா வாசலில்தான் நின்றுகொண்டிருந்தார். ஹாசிம் வண்டியை நிறுத்திவிட்டார். அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே மறுபடியும் முழுவதையும் சொன்னேன். “சித்தப்பா, உங்களையும் சேத்துத்தான்” என்றேன். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

வீட்டில் அண்ணிக்கு விஷயம் எனக்கு முன்னாலேயே வந்து சேர்ந்திருந்தது. “எம் புருசனுக்கு அழ வர்றவங்கள நாய வெரட்டுற மாரி வெரட்டிட்டியே, பார்வதி” என்றாள். அதற்குப் பிறகு என்னோடு பேசவில்லை.

கருமாதி நடந்தது. பண்டாரம் தன் வீட்டில் காய்ச்சிய தண்ணீரைத் தானே கொண்டுவந்தார். மல்லிகா தர்ப்பையை விரலில் மாட்டிக்கொண்டு சொன்னதைச் செய்தாள். அண்ணி உனக்குப் படையல் வைத்தாள். தெருவில் ஒருத்தர் இல்லை. கேட்டுக்கொண்டேன், கேட்டுவிட்டார்கள். அதற்குச் சந்தோஷப்படாமல், இத்தனை பேருக்குப் பேசிய உனக்கு ஒரு குரல்கூட அழவில்லையே என்று நெஞ்சு வெடித்தது. வரவேண்டாம் என்று மைக்கில் சொன்ன நானே, சித்தப்பா மட்டும் வந்துவிடமாட்டாரா என்று வேலியைப் பார்த்துப் பார்த்து நின்றேன். வரவில்லை. “அவரும் வரல பாரு” என்றாள் அண்ணி. அவள் என்னோடு பேசியது அது ஒன்றுதான்.

மறுநாள் காலையில் ஹாசிம் வந்தார். வேன் இல்லாமல் நடந்து வந்தார். அவர் முகத்தைப் பார்த்ததுமே வேலியருகே ஓடினேன்.

சித்தப்பாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். கருமாதி அன்று விடியற்காலையிலேயே. குளித்து, வெள்ளை வேட்டி கட்டி, தேங்காய்களைச் சைக்கிளில் கட்டி வைத்திருக்கிறார். நம் வீட்டுக்குக் கிளம்பி வாசற்படியில் கால் வைத்தவர் அங்கேயே விழுந்துவிட்டார் என்று சித்தி சொன்னாளாம்.

அவர் என் பேச்சைக் கேட்கவே இல்லை, அண்ணே. வரத்தான் கிளம்பியிருக்கிறார். கொஞ்ச நேரம் தாமதித்து நோய் கண்டிருந்தால் இங்கே வந்திருப்பார். மல்லிகாவைத் தூக்கி மடியில் வைத்திருப்பார். அவரைத் தடுத்தது நான் இல்லை. என்னால் ஒன்றும் ஆகவில்லை.

அண்ணி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றாள். மல்லிகாவை இழுத்துத் தன்னோடு அணைத்துக்கொண்டாள். “இன்னிக்கும் வேன்ல போறியா?” என்றாள். போகிறேன் என்றேன். “போ. நல்லா சத்தமா சொல்லு” என்றாள்.

முதலில் ‘உயிரோடு இருக்கிறார்’ என்று ஆஸ்பத்திரியிலிருந்து செய்தி வந்தது. இன்றைக்கு ஒன்றும் வரவில்லை. சித்தி அந்த வீட்டில் தனியாக இருக்கிறாள். அழைக்காமலே ஓட வேண்டியவள் நான். அப்பாவுக்குப் பதிலாக நின்றவர், எனக்குச் சடை பின்னிவிட்டவர், நீ போனபோது எனக்கு முன்னால் அழுதவர். கால் தன்னால் வாசலுக்குப் போகிறது. மல்லிகாவைப் பார்த்துத் திரும்பி வருகிறேன்.

சத்தியம் செய்கிறேன், அண்ணே. அங்கே எது நடந்தாலும் நான் போகமாட்டேன். வேனில் ஏறி அந்தத் தெரு வரைக்கும் போவேன். இறங்கமாட்டேன். சித்தி வாசலில் நின்று என் பேரைச் சொல்லி அழுதாலும் மைக்கில்தான் பதில் சொல்வேன். ஒருவேளை சித்தப்பா உன்னிடம் வந்துவிட்டால், “தூக்கி வளத்தேன், அவ எட்டிக்கூடப் பாக்கல” என்று சொல்லி அழுவார். எனக்காக நீதான் அவரிடம் பேச வேண்டும். நீ சொன்னால் ஊரே கேட்கும், அவர் கேட்கமாட்டாரா?

சாவு வீட்டுக்குப் போகாத
உன் தங்கச்சி
பார்வதி
காஜா பெராங், மலாக்கா