பேசிக்கினே வா

9 ஜூன் 2024, ஞாயிறு

வண்டி நம் வீட்டுக்கு வந்து பதினோரு வருஷம். வேலூரில் ஒரு டாக்டர் ஐந்து வருஷம் ஓட்டிவிட்டுக் கொடுத்தது. பின்பக்க இடது கதவு வெளியிலிருந்துதான் திறக்கும். இரண்டாவது கியர் போடும்போது கொஞ்சம் நிறுத்தி, அப்புறம் இழுக்க வேண்டும். ஏ.சி. அதற்கு மனசு வந்தால் வேலை செய்யும். இவர் தினமும் துடைக்கிறார், என்னமோ நேற்று ஷோரூமிலிருந்து வந்த மாதிரி.

முன்பெல்லாம் வண்டியில் ஏறினால், "வாய மூடிக்கினு வா, கவனம் போவுது" என்பார். இப்போது ஒரு மாதமாக, "பேசிக்கினே வா, சரோஜா." ரிட்டயர் ஆன பிறகு மனுஷனுக்குப் பெண்டாட்டி ஞாபகம் வந்திருக்கிறது. இருக்கட்டும்.

8 செப்டம்பர், ஞாயிறு

கீழ்பென்னாத்தூரில் கல்யாணம். போக வர நான்தான் பேச்சு. பாதி ரோட்டில் நெல் காயப்போட்டிருக்கிறார்கள், எதிரே லைட் இல்லாமல் டிராக்டர் வருகிறது, ஆடுகள் குறுக்கே போகின்றன என்று கண்ணில் பட்டதையெல்லாம் சொன்னேன். "ம்... அப்புறம்?" என்று கேட்டுக்கொண்டே ஓட்டினார். கட்டிக்கொண்டதிலிருந்து இத்தனை பொறுமையாக என் பேச்சைக் கேட்டதே இல்லை. சந்தோஷமாக இருந்தது.

14 நவம்பர், வியாழன்

எனக்குக் காலையிலிருந்து தொண்டை கட்டிக்கொண்டு குரலே இல்லை. சாயங்காலம் செங்கம் ரோட்டில் மருந்து வாங்கிக்கொண்டு திரும்பினோம். நாளைக்குப் பௌர்ணமி, இன்றைக்கே ஜனம் மலை சுற்றக் கிளம்பிவிட்டது. ஒரு அம்மா செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு இடது பக்கமிருந்து ரோட்டில் இறங்கினாள். மெதுவாகத்தான் இறங்கினாள். இவரும் பார்த்திருப்பார் என்று நினைத்துக்கொண்டிருக்கிறேன், வண்டி வேகம் குறையவே இல்லை. கத்த வாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது. ஸ்டியரிங்கைப் பிடித்து வலது பக்கம் தள்ளிவிட்டேன். கண்ணாடி அவள் முந்தானையை உரசிக்கொண்டு போனது.

"இன்னா? இன்னா ஆச்சு?" என்றார்.

அவளைப் பார்க்கவே இல்லை. கடைசி வரைக்கும் பார்க்கவே இல்லை.

15 நவம்பர்

தூங்கவில்லை. நீல நிறச் செருப்பு. அதுவே கண்ணுக்குள் நிற்கிறது.

16 நவம்பர்

பேசிக்கினே வா, பேசிக்கினே வா — ஐயோ, இதுக்குத்தானா? நான் சொல்லித்தான் இத்தனை நாள் ரோடு தெரிந்ததா? பெண்டாட்டி ஞாபகமாம். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

17 நவம்பர், ஞாயிறு

மகள் அன்புச்செல்வி விடிந்ததும் பஸ் பிடித்து வேலைக்குப் போய்விடுவாள். அவள் குழந்தை கவிநிலாவை யு.கே.ஜி.க்கு தினமும் காரில் கொண்டுபோய் விடுவது இவர்தான். நான் கூடப் போவதில்லை. அப்படியானால் அப்போது யார் பேசுகிறார்கள்?

கவிக்குத் தலை பின்னும்போது, தாத்தாவும் நீயும் காரில் என்ன பேசுவீர்கள் என்று சும்மா கேட்கிற மாதிரி கேட்டேன்.

"லெப்ட்ல யாருனா வராங்களானு தாத்தா கேப்பாரு, ஆயா. நான்தான் பார்த்துச் சொல்வேன். கரெக்டா சொன்னா மிட்டாய்."

பின்னலைப் பாதியில் விட்டுவிட்டேன். அஞ்சு வயசு. அஞ்சு வயசுக் குழந்தை கண்ண வெச்சி வண்டி ஓட்றார் இந்த மனுஷன். என்றைக்காவது அது காக்காயையோ பலூன்காரனையோ வேடிக்கை பார்த்திருந்தால்? செல்வியிடம் எப்படிச் சொல்வேன்? சொல்லாமல் எப்படி இருப்பேன்?

நாளைக்குத் திங்கள்கிழமை. சாவியை எடுத்து அரிசி டின்னுக்குள் புதைத்துவிட்டேன்.

18 நவம்பர்

காலையிலிருந்து தேடினார். சட்டைப் பை, ஃபிரிட்ஜ் மேல், சோபா இடுக்கு எல்லாம். சாவி எங்கே என்று என்னை மட்டும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதுதான் எனக்கு அதிகப் பயமாக இருந்தது. கவியை ஆட்டோவில் கொண்டுபோய் விட்டேன்.

சாயங்காலம் சமையலறை வாசலில் வந்து நின்றார்.

"கண்டுபுடிச்சிட்டியா?"

"எத்தினி நாளாங்க?"

"ஒரு வருசம் இருக்கும். நேரா நல்லாத்தான் தெரியுது. ரெண்டு பக்கமும் திரை உட்டா மாதிரி இருக்குது."

குழந்தையை வைத்துக்கொண்டு எப்படி மனசு வந்தது என்று வாய்க்கு வந்தபடி திட்டினேன். எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டார். பிறகு, "எனக்கும் பயந்தான் சரோஜா. வண்டிய உட்டுட்டா அப்புறம் ஊட்டுலயே மூலைல குந்திக்கினு இருக்கணுமேன்னு" என்றார். அதற்கு மேல் திட்ட முடியவில்லை. ஆனால் சாவியையும் கொடுக்கவில்லை.

25 நவம்பர்

கண் ஆஸ்பத்திரி. கண்ணில் பிரஷராம். போன பார்வை போனதுதான், மிச்சத்தைச் சொட்டு மருந்து போட்டுக் காப்பாற்றப் பார்க்கலாம் என்றார்கள். வண்டி தொடவே கூடாது. பஸ்ஸில் திரும்பினோம். இறங்கும்போது படியைக் காலால் தேடினார். நான் பார்த்துவிட்டேன் என்று அவருக்குத் தெரியும்.

செல்வியிடம் சொல்லிவிட்டேன். அப்பாவிடம் பேசுவதை நிறுத்திவிட்டாள்.

12 ஜனவரி 2025, ஞாயிறு

வண்டியை வாங்க ஒருவர் வந்தார். ஓட்டிப் பார்க்கும்போது இரண்டாவது கியர் கறகறவென்று கத்தியது. "கொஞ்சம் நிறுத்தி, அப்புறம் இழுங்க" என்று என் வாயிலிருந்து தானாக வந்துவிட்டது. இவர் முகத்தை முழுசாகத் திருப்பி என்னைப் பார்த்தார். இப்போது அப்படித்தான் பார்க்க முடிகிறது.

"விக்கல" என்று வந்தவரிடம் சொல்லி அனுப்பிவிட்டார்.

நானா ஓட்டறது? ஐம்பத்தாறு வயசுல நானா?

19 பிப்ரவரி

டிரைவிங் ஸ்கூல். "ஸ்டியரிங் எங்கியும் ஓடிடாதும்மா, கொஞ்சம் லூசா புடிங்க" என்கிறாள் சொல்லிக்கொடுக்கிற பெண். உள்ளங்கை வியர்வையில் வழுக்குவது அவளுக்கு என்ன தெரியும்.

6 ஏப்ரல், ஞாயிறு

லைசென்ஸ் வந்த பிறகு இன்றுதான் நம் வண்டியை ரோட்டில் எடுத்தேன். கவியை ஏற்றவில்லை; அந்தத் தைரியம் இன்னும் வரவில்லை. இவர் மட்டும் பக்கத்தில். இருட்டத் தொடங்கியிருந்தது. வீட்டிலிருந்து செங்கம் ரோடு வரைக்கும் ஒரு வார்த்தை பேசவில்லை. எந்தப் பக்கமிருந்து யார் இறங்குவார்களோ என்பதே நினைப்பு.

ஆசிரமம் பக்கம் வரும்போது மெதுவாகக் கூப்பிட்டார். கதவுக் கைப்பிடியை இறுக்கிப் பிடித்திருந்தார்.

"எதனா பேசு, சரோஜா. எங்க இருக்கோம்னே தெரியல."

நான் இத்தனை நாள் என் பயத்தை மட்டும்தான் பார்த்துக்கொண்டிருந்தேன் போல.

"டீக்கடை தாண்டிட்டோங்க. இடது பக்கம் காவி வேட்டி கட்டின ஒருத்தர் ரோட்டில இறங்குறார். நிறுத்தறேன். ம், போயிட்டார்."

"அப்புறம்?" என்றார்.