ஸ்கேனில் தெரிந்த கட்டி

அம்மு,

சாதம் குக்கரில் இருக்கிறது, சூடு பண்ணிச் சாப்பிடு.

போன செவ்வாய் கூடுதல் ட்ரிப் ஓட்டப் போகிறேன் என்றது பொய். நீ மல்லுக்கட்டி எடுக்கவைத்த ஸ்கேனில், நுரையீரலில் கடலை அளவுக்கு ஒரு கட்டி தெரிந்தது. அந்தச் செவ்வாய்தான் ஆஸ்பத்திரியில் ஊசி குத்திச் சதை எடுத்துச் சோதித்தார்கள். புற்றுநோய்தான்.

"ஆரம்பத்துலயே மாட்டிக்கிச்சு, வெட்டி எடுத்துடலாம். இருமல் வர்ற வரைக்கும் விட்டிருந்தா கதையே வேற" என்றார் டாக்டர்.

"நல்லா இருக்கிறவனை நோயாளியாக்காதே" என்று உன்மேல் எரிந்து விழுந்த வாயால் இதை எப்படிச் சொல்வேன்?

இன்று நாலு மணிக்கு ஆபரேஷன் பற்றிப் பேச வரச் சொல்லியிருக்கிறார்கள். நான் பார்த்துக்கொள்கிறேன், நீ அலையாதே.

அப்பா

பி.கு.: கடைசி வரியை அடித்துவிட்டதாக நினைத்துக்கொள். தெருமுனை பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்திருப்பேன். நீ வராமல் பஸ் ஏற மாட்டேன்.