பெரிய வண்டிக்கு வரி கேட்டவன்

புதன்கிழமை, இரவு.

படுத்துப் பார்த்தேன். சிரிப்பு வந்து தூக்கத்தைக் கெடுக்கிறது.

சாயங்காலம் ஒரகடம் கம்பெனி வாசலில் மேனேஜருக்காகக் காத்திருந்தேன். அவருடைய பெரிய வண்டியில், டிரைவர் சீட்டில் ஏசியைப் போட்டுக்கொண்டு, வாலாஜாபாத் மச்சானோடு போனில் அரசியல். என் போன் வண்டி ஸ்பீக்கரோடு தானாகச் சேர்ந்துகொள்ளும். அவன் குரல் வண்டி முழுக்க முழங்கியது.

"கவர்மெண்டு மொதல்ல செலவைக் கொறைக்கணும் மாமா. பஸ்ஸு ஃப்ரீ, அது ஃப்ரீ, இது ஃப்ரீ. துட்டு எங்கேர்ந்து வரும்?"

"போடா! எங்க சார் ஒரு ஆள் குந்திகினு போறதுக்கு இவ்ளோ பெரிய வண்டி, கம்பெனி செலவுல. அதுக்கு வரியைப் போடட்டும். இன்னா கொறஞ்சிடும்?"

"வண்டியை வித்துடுவோம்," என்றது பின்சீட்டு. "அப்புறம் நீங்க எதை ஓட்டுவீங்க?"

கதவு திறந்த சத்தம்கூட என் காதில் விழவில்லை. அவ்வளவு தேசபக்தி. என் பெண்ணின் காலேஜ் ஃபீஸ்தான் முதலில் நினைவுக்கு வந்தது.

"யாரு மாமா அது?" என்றான் மச்சான்.

"நான்தான் அந்த ஒரு ஆள்," என்றார் சார். "நீங்க சொல்லுங்க, கவர்மெண்ட் எதை நிறுத்தணும்?"

பாவி, கொஞ்சம் யோசித்தான். "எதை வேணா நிறுத்தட்டும் சார். எங்க மாமாவை மட்டும் வேலைய வுட்டு நிறுத்திடாதீங்க."

சார் விழுந்து விழுந்து சிரித்தார். நான் பூந்தமல்லி வரை கண்ணாடியில்கூட அவரைப் பார்க்கவில்லை. வீட்டு வாசலில் இறங்கியவர் சொன்னார்: "காலைல எப்பவும் போல வந்துடுங்க. வரியைப் பத்தி எனக்கும் ரெண்டு பாயிண்ட் இருக்கு."

அப்பாடா. நாளைக்கு அவர் சொல்வதுதான் நியாயம். என் நியாயத்தை வெள்ளிக்கிழமை பார்த்துக்கொள்ளலாம்.