ரெஜின் உடம்பில் என் ரத்தம்

ஜூன் 14, சனி
விடிந்ததிலிருந்து சாரல். துணி ஒன்றும் காயவில்லை. தக்கலை போய் மீன், தேங்காயெண்ணெய், தம்பிக்கு ஒரு வெள்ளைச் சட்டை. நாளை ரெஜின் சர்ச்சில் எழுந்து, தான் சுகமானதைச் சாட்சி சொல்கிறான்.

ரத்தப் புற்றுக்குப் போன வருடம் என் ஸ்டெம் செல்லை அவனுக்கு ஏற்றினார்கள். அவன் பிளட் குரூப்பே மாறி என்னுடையதாகிவிட்டது. நர்ஸ் சிரித்தாள், "ரத்தத்த மட்டும் பாத்தா பொம்பளன்னுதான் வரும்." அவனும் சிரித்தான். எனக்குத்தான் ஒரு மாதிரி. எறால் தின்றால் எனக்குத் தடிக்கும். இப்போது அவனுக்கும். அவன் சொறியும்போதெல்லாம் தேங்காயெண்ணெயோடு போய் நிற்கிறேன்.

அவனுக்கு முன்பே இருந்த எச்.ஐ.வி. அப்படியேதான். வெளிநாட்டில் ஒருவருக்கு இந்தச் சிகிச்சையில் அதுவும் போனதாம், போனில் படித்திருக்கிறான். டாக்டர் அன்றே சொன்னார்: அது அந்த வைரஸை உள்ளே விடாத அபூர்வமான மரபணு உள்ளவர் கொடுத்த செல், அக்காவிடம் அது இல்லை, மாத்திரையை நிறுத்தவே கூடாது.

ஜூன் 15, ஞாயிறு
மழை. சர்ச் நிறைய ஆள். புதுச் சட்டையில் எழுந்து நின்றான். "கேன்சர் மட்டுமில்ல, வேற ஒரு நோயும் என்னை விட்டுப் போச்சு. எங்க அக்காவுக்க ரத்தம்தான் இப்ப எனக்குள்ள ஓடுது." ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம் என்று சபை. எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

பின் பெஞ்சில்: "அது என்ன நோயாம்?" "ஆருக்குத் தெரியும். மெல்லப் பேசுட்டி."

ஜூலை 2, புதன்
அவன் அறையைப் பெருக்கினேன். மாத்திரை டப்பா சீல் உடைக்காமல்.

"ஏம்லே தின்னல்ல?"

"சுகமாச்சுன்னு சபைக்கு முன்னால சொல்லியாச்சுக்கா. பெறகும் குளிகை தின்னா கள்ளம் சொன்னதா ஆவாதா?"

"போதகரு சுகர் மாத்திரை தின்னுதாரே, அவருக்கு விசுவாசம் இல்லியா?"

"வேற ஆளுக்க ரத்தம்னா பயப்படலாம். இது உனக்க ரத்தம். ஒண்ணும் வராது."

கத்தினேன். தொண்டை போனதுதான் மிச்சம். பயமாக இருக்கிறது. என் ரத்தத்தை இவ்வளவு நம்புகிறானே, பாவி.

ஜூலை 24, வியாழன்
வெயில், புழுக்கம். ஒருவழியாக அவனை இழுத்துக்கொண்டு போய் எடுத்த டெஸ்ட். இன்று ரிசல்ட். வைரஸ் ஏறியிருக்கிறது. டாக்டர் திட்டவில்லை. "அது எங்கயும் போகல்ல. மாத்திரை அடக்கி வச்சிருந்துச்சு. விட்டதும் புது செல்லுக்குள்ள ஏறிடுச்சு. இன்னைக்கே தொடங்குங்க."

புது செல் என்றால் என்னுடையது. எனக்கு நோய் இல்லை. என் ரத்தத்துக்கு வந்துவிட்டது.

திரும்பும் பஸ்ஸில் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு கேட்டான். "உனக்க ரத்தத்தையும் கெடுத்துட்டேனாக்கா?"

டப்பாவின் சீலை உடைத்து ஒரு மாத்திரையை அவன் கையில் வைத்தேன். தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுத்தேன். அவன் மாத்திரையை விழுங்கும்வரை தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.