மூன்றாவது அமாவாசை வெல்லம்

மன்னி,

காலையில் கோயில் குளத்துக்குப் போய் வெல்லம் கரைத்துவிட்டு வந்தேன். தை அமாவாசை, படியெல்லாம் ஒரே கூட்டம். வீட்டுக்கு வந்து சோப்பு போட்டுக் கையைக் கழுவியும் விரலிடுக்கில் ஈர வெல்லத்தின் வாசனை போகவில்லை. இந்த வாசனை எனக்கு ஆகவே ஆகாது. ஏன் என்று உங்களுக்குத் தெரியும்.

எதிர்வீட்டு சேகர் வாசலில் நின்றுகொண்டிருந்தான். கும்மிடிப்பூண்டியில் புதிதாக வந்திருக்கிற கம்பெனியில் அவனுக்கு வேலை. புதுவாயல் பக்கம் ரூம் எடுத்துத் தங்கியிருக்கிறான், லீவுக்கு வந்திருக்கிறான். தெருவில் மூட்டை முடிச்சோடு போகிற ஜனங்களைக் காட்டி என்னைச் சீண்டினான். "இம்மாம் பேரு சாமி கும்புட்றாங்கோ, அப்பறம் ஏன் மாமி ஊர்ல பட்டினி கீது? நீங்கள்லாம் இன்னா பண்ணிக்கினு கீறீங்கோ?" என்றான். வாய்க்கு வாய் பதில் சொல்கிறவள்தான் நான். இன்றைக்கு, போய் வேலையைப் பாருடா என்று சொல்லிவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டேன். அவன்மேல் எனக்குக் கோபம் இல்லை. உங்கள் ஞாபகம் வந்துவிட்டது.

அறுபதுகளின் நடுவில் மழை பொய்த்ததே, அந்த வருஷம். ஏரிகள் வெடித்துக் கிடந்தன. நடவு இல்லை, அதனால் கூலியும் இல்லை. சுற்றுக் கிராமங்களிலிருந்து குடும்பம் குடும்பமாக ஊருக்குள் வந்து கோயிலைச் சுற்றி உட்கார்ந்துவிட்டார்கள். கொடுக்கிறவர்களும் இல்லாமல் போகவில்லை. கடைத்தெருவில் ஒருவர் கஞ்சி ஊற்றினார், கோயில் பிரசாதமும் உண்டு. ஆனால் எல்லாம் உச்சிப் பொழுதுக்குள் தீர்ந்துவிடும்.

நமக்கு அப்போது வேறு கவலை. கோயில் மடைப்பள்ளியில் தளிகை பண்ணிக்கொண்டிருந்த என் அண்ணாவுக்குக் கால் வீங்கி, மூச்சு வாங்க ஆரம்பித்திருந்தது. மெட்ராஸ் டாக்டர் பார்த்துவிட்டு, வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். அதற்கு என்ன அர்த்தம் என்று நம் இரண்டு பேருக்கும் புரிந்தது. நீங்கள் குளத்துக்கு நேர்ந்துகொண்டீர்கள். மூன்று அமாவாசை வெல்லம் கரைப்பதாக வேண்டுதல். வெல்லம் கரைகிற மாதிரி வியாதியும் கரையும் என்பது நம் ஊர் நம்பிக்கை. நீங்கள் அதை நம்பினீர்கள். சும்மா சாஸ்திரத்துக்குச் செய்கிறவர் இல்லை நீங்கள். காப்பிக்குக்கூட வெல்லம் போடாமல் குடித்து, அந்த மூன்றாவது கட்டியைச் சேர்த்து வைத்திருந்தீர்கள். முதல் இரண்டு அமாவாசைக்கும் அண்ணா படுக்கையிலிருந்தே "கரைஞ்சுதா?" என்று கேட்டார். கரைந்தது என்று நீங்கள் சொன்னதும் அவர் முகத்தில் ஒரு தெளிவு வரும். அதற்காகவே மூன்றாவது அமாவாசையை நான் எதிர்பார்த்துக்கொண்டிருந்தேன்.

அன்றைக்குக் குளத்தில் தண்ணீர் கீழ்ப்படியில்தான் கிடந்தது. பொறுமையாகக் கையில் பிடித்துக் கரைக்க யாருக்கும் இடமில்லை. நெருக்கித் தள்ளிக்கொண்டு வந்து, எறிந்துவிட்டுப் போனார்கள். வெல்லக் கட்டிகள் முழங்கால் தண்ணீரில் படிமேல் அப்படியே கிடந்தன. நாம் இறங்கும்போதே கூச்சல். ஒரு பெண்பிள்ளை, இடுப்பில் குழந்தையோடு, தண்ணீரில் கையை விட்டுக் கட்டிகளை எடுத்து மடியில் கட்டியிருக்கிறாள். பார்த்துவிட்டார்கள்.

பிரசாதத்தைத் திருடியிருந்தால்கூட இவ்வளவு கோபம் வந்திருக்காது. ஒவ்வொரு கட்டியும் யாரோ ஒருத்தருடைய வியாதி இல்லையா? கரைவதற்கு முன் வெளியே எடுத்தால் வியாதி போகாது என்று அவர்களுக்குப் பயம். ஒரு பெரியவர், தன் பேரனுக்காகப் போட்டவர், அவள் முந்தானையைப் பிடித்து இழுத்தார். மடியிலிருந்த வெல்லம் எல்லாம் மறுபடி தண்ணீரில் விழுந்தது. அடுத்தவா வியாதியைத் தின்பாயா என்று யாரோ கத்தினார்கள்.

"வியாதி வந்தா வர்ட்டும் சாமி," என்றாள் அவள். "புள்ள நேத்துலர்ந்து ஒண்ணியும் துன்னல."

பெரியவர் முந்தானையை விட்டுவிட்டார். ஆனால் யார் கையும் மடிக்குப் போகவில்லை. அத்தனை பேர் மடியிலும் வெல்லம் இருந்தது, மன்னி. யாரும் கல்நெஞ்சுக்காரர்கள் இல்லை. ஒவ்வொருவருக்கும் வீட்டில் ஒரு படுக்கை இருந்தது.

நீங்கள் படி இறங்கினீர்கள். தண்ணீருக்குத்தான் போகிறீர்கள் என்று நினைத்தேன். அவள் எதிரில் நின்று, மடியை அவிழ்த்து, நம் கட்டியை எடுத்துப் படியில் தட்டி உடைத்தீர்கள். ஒரு துண்டைக் குழந்தை வாயில் வைத்தீர்கள். மிச்சத்தை அவள் கையில் வைத்து விரல்களை மூடிவிட்டீர்கள். நான் உங்கள் கையைப் பிடித்து இழுத்தேன். அது என் அண்ணா உயிர். நீங்கள் திரும்பிப் பார்த்தபோது உங்கள் உதடு வெளுத்திருந்தது.

வீடு வரைக்கும் உங்களை முந்திக்கொண்டு நடந்தேன். எனக்குக் கோபத்தில் காது அடைத்துப்போயிருந்தது. வாசல்படியில் நின்று உங்கள் காதோடு சொன்னேன், அண்ணா கேட்டால் கரைந்தது என்று சொல்லிவிடுங்கள், அவர் மனசாவது நிம்மதியாக இருக்கட்டும் என்று. நீங்கள் தலையை ஆட்டின மாதிரிதான் இருந்தது.

"கரைஞ்சுதா?" என்றார் அண்ணா.

"இல்லே, கரைக்கலே. ஒரு குழந்தை பசின்னு நின்னுது. அதுக்குக் குடுத்துட்டேன்."

அண்ணா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். குடிக்க நீங்கள் நீட்டின தீர்த்தத்தை அன்று பூராவும் வாங்கவில்லை. மறுநாள் என் கையால் வாங்கிக்கொண்டார். அதற்கு மறுநாள்தான் உங்கள் கையால் வாங்கினார்.

பங்குனியில் போய்விட்டார். பத்தாம் நாளுக்கு வந்த சொந்தக்காரர்கள் கூடத்திலேயே, உங்கள் காதுபடவே பேசினார்கள். கட்டினவனைவிடக் கண்ட குழந்தை பெரிசாகப் போய்விட்டதாம். டாக்டர் அன்றைக்கே கைவிட்டுவிட்டார், வெல்லம் கரைத்திருந்தாலும் அண்ணா பிழைத்திருக்க மாட்டார் என்று எடுத்துச் சொல்ல எனக்கு வாய் வரை வந்தது. நீங்கள் கண்ணாலேயே வேண்டாம் என்றீர்கள். எனக்குப் புரிந்து தூக்கிவாரிப்போட்டது. அவர்கள் சொல்வது பொய் என்று உங்களுக்கே நிச்சயமில்லை.

அதற்கப்புறம் நீங்கள் அன்னதானம், அது இது என்று எதையும் ஆரம்பித்துவிடவில்லை. ஆரம்பிக்க நம்மிடம் என்ன இருந்தது? அமாவாசை வந்தால் கோயிலுக்குப் போவீர்கள், குளத்துக்கு மட்டும் இறங்கமாட்டீர்கள். மேல்படியிலேயே கைகூப்பிவிட்டுத் திரும்பிவிடுவீர்கள்.

நீங்கள் போவதற்கு முன், படுத்த படுக்கையாக இருந்த மாசம், துணிந்து கேட்டேன். மறுபடி அப்படி ஒரு நாள் வந்தால் கொடுப்பீர்களா என்று.

"தெரியலைடி கோமளா. அந்தக் குழந்தை வெல்லத்தைச் சப்பின சத்தமும் காதுல இருக்கு. உங்கண்ணா மூச்சு வாங்கின சத்தமும் இருக்கு. ரெண்டையும் வச்சுண்டுதான் பெருமாளைச் சேவிக்கிறேன்."

உங்களைப் பற்றிப் பேசினால் தர்மவதி, புண்ணியவதி என்று ஜனங்கள் சொல்வார்கள் என்பதால் யாரிடமும் நான் பேசுவதில்லை. அந்த வார்த்தைகள் எனக்கு எரிச்சலாக இருக்கின்றன. மாசாமாசம் நானும் வாசலுக்கு வருகிறவர்களுக்குச் சாதம் போடுகிறேன். நம் வயிறு நிரம்பினது போக மிஞ்சுவதைப் போடுகிறேன். போட்டுவிட்டு நன்றாகத் தூங்குகிறேன். நிறுத்தமாட்டேன், அவர்களுக்கு அதுவும் வேண்டியிருக்கிறது. ஆனால் மன்னி, தெய்வம் கோபித்துக்கொள்ளும், கட்டினவர் செத்துப்போவார் என்று நடுங்கிக்கொண்டே நீங்கள் கொடுத்தீர்கள். கொடுத்துவிட்டுப் பயப்படுகிற மாதிரி நான் இதுவரைக்கும் யாருக்கும் எதையும் கொடுத்ததில்லை.