மருந்துக்குப் பேரம் பேசியவருக்கு

டொக்டரையா,

கடை மேசையில் ஒரு வெள்ளைக் கடதாசி உறை கிடக்கிறது. உள்ளே மாத்திரைகள். இன்று காலை ஆஸ்பத்திரியில் தந்தார்கள். எனக்குச் சீனி வருத்தமாம். காலமெல்லாம் சீனி மூட்டையில் சாய்ந்து வியாபாரம் பார்த்தவனுக்கு வேறென்ன வரும் என்று நீங்கள் இருந்தால் சிரித்திருப்பீர்கள்.

புதிதாக வந்திருக்கும் டொக்டர் சின்ன வயதுக்காரர். நல்ல பிள்ளை, முகத்தைப் பார்த்துத்தான் பேசினார். காலையும் இரவும் சாப்பாட்டுக்கு முன் ஒவ்வொன்று, தேத்தண்ணீருக்குச் சீனி கூடாது, நேரத்துக்குச் சாப்பிட வேண்டும் என்று சொல்லிவிட்டு, "விளங்கிச்சா?" என்று கேட்டார். "ஆமாங்க" என்றேன். எழுந்து வந்துவிட்டேன்.

பஸ்ஸில் வரும்போதுதான் உறைத்தது. எனக்குக் காலைச் சாப்பாடு என்று ஒன்று எப்போது இருந்தது? விடிவதற்கு முன்னால் வெலிமடையிலிருந்து லொறி வந்து நிற்கும். கிழங்கையும் லீக்ஸையும் இறக்கி, நிறுத்து, கடை திறந்து, முதல் கூட்டம் கலையும்போது மத்தியானம். அதுவரைக்கும் வெறும் தேத்தண்ணீர்தான். அப்படியிருக்க, எந்தச் சாப்பாட்டுக்கு முன் இந்த மாத்திரை? கேட்டிருக்கலாம். ஒரு மூட்டை வெங்காயத்துக்குத் தொண்டை வற்றும்வரை வாதாடுகிறவன் நான். அந்தக் கதிரையில் உட்கார்ந்ததும் தோட்டத்து லயத்தில் பிறந்த பழைய ஆளாகிவிட்டேன்.

உறையிலிருந்து ஆஸ்பத்திரி மணம் வருகிறது. உங்கள் சட்டையில் எப்போதும் இருந்த மணம். அதுதான் கடையில் ஆள் குறைந்த இந்த நேரத்தில் என்னை எழுத உட்கார்த்தி வைத்திருக்கிறது.

நீங்கள் லுணுகலைக்கு மாற்றலாகி வந்தது அறுபதுகளின் நடுவில். யாழ்ப்பாணத்து டொக்டர், பிள்ளைகளின் படிப்புக்காகக் குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டுத் தனியாக வந்திருக்கிறார் என்று பேசிக்கொண்டார்கள். முதல் தடவை என் கடைக்கு வந்தது தீப்பெட்டிக்கு. பின்கட்டில் கெரம் பலகையைக் கண்டதும் தீப்பெட்டியை மறந்துபோனீர்கள். அதன் பிறகு பின்னேரம் என்றால் நீங்கள், நான், அந்தப் பலகை. பெரும்பாலும் தோற்பீர்கள். தோற்ற கோபத்தில் ஆஸ்பத்திரிப் புதினம் சொல்வீர்கள்.

"முதலாளி, இந்தச் சனத்தோட நான் என்ன செய்யிறது? நெஞ்சு நோகுதோ எண்டால் ஆமாங்க. நோகேல்லையோ எண்டாலும் ஆமாங்க. நாளைக்கு வருவியோ எண்டால் அதுக்கும் ஆமாங்க. நாளைக்கு ஆளைக் காணேல்லை!"

"பெரட்டுக் களத்துல நின்னு பழகுன சனங்க ஐயா. விடியக்காலையில பேரு கூப்புட்டு வேல பிரிக்கிற எடத்துல தொரை என்ன சொன்னாலும் ஆமாங்கன்னு சொல்லிட்டு நகந்துறணும். நீங்களும் கால்சட்ட போட்டிருக்கீங்க. ஒங்களுக்கும் அந்த மரியாததான்."

"அப்ப கால்சட்டையைக் கழட்டிப் போட்டோ மருந்து குடுக்கிறது?"

"ஐயோ வேணாங்க, வர்ற கூட்டமும் ஓடிரும்."

சிரித்தீர்கள். ஆனால் அந்த நாட்களில் உங்கள் மனதை அரித்துக்கொண்டிருந்தது ஒரே ஒருத்தி. ராக்கம்மா. மேல்மலைத் தோட்டத்தில் தேயிலைக் கொழுந்து எடுப்பவள். கசநோய். ஒவ்வொரு நாளும் ஊசி போட வேண்டும் என்றீர்கள். "ஆமாங்க" என்றாள். சில நாள் வந்தாள், பிறகு காணவில்லை. "இப்பிடியே விட்டால் அவ தப்பமாட்டா. வீட்டில கைக்குழந்தை வேற இருக்கு" என்று காயை அடிக்காமல் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

அதன் பிறகு வந்த சம்பளச் சனிக்கிழமையை நான் மறக்கவே மாட்டேன். கடை நிறையச் சனம். நீங்கள் பின்பக்கத்தால் வந்து மூட்டைகளுக்கு நடுவில் நின்றீர்கள். எனக்கு முன்னால் ராக்கம்மா ஒரு கம்பளியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ஏன் மொதலாளி, இத விரிச்சா அந்தப் பக்கம் நீங்க நிக்கிறது தெரியுது. இதுக்கா இந்த வெல?"

"மூஞ்சிய மறைக்கவா கம்பளி வாங்குற?"

"ஒங்க மூஞ்சியப் பாக்குறதுக்கா நான் காசு குடுக்கிறேன்? கொறச்சுப் போடுங்க!"

இருமல் வந்தது. வாயைப் பொத்தி இருமி முடித்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து பேரத்தைத் தொடர்ந்தாள். நீங்கள் என் காதருகில் வந்து, "இந்த மனுசிக்கு வாய் இருக்கு!" என்றீர்கள், ஏதோ புது நோயைக் கண்டுபிடித்தவர் மாதிரி.

நான் விளையாட்டாகத்தான் சொன்னேன்: "ஐயா, நீங்க ஒரே வெல சொல்றீங்க. ஒரே வெலக் கடையில எவன் வாயத் தொறப்பான்? பிடிச்சா எடுப்பான், இல்லன்னா பேசாமப் போயிருவான். பேரம் பேசி வாங்குனதத்தான் சனம் பத்திரமா வீட்டுக்குக் கொண்டுபோகும்."

நீங்கள் சிரிக்கவில்லை. கூட்டத்துக்கு முன்னால் நோயின் பேரை எடுக்காமல், அவளைப் பின்கட்டுக்குக் கூப்பிட்டீர்கள். உங்களைக் கண்டதும் கம்பளியைப் போட்டுவிட்டு முந்தானையை இழுத்து மூடிக்கொண்டு வந்து நின்றாள். நீங்கள் ஒரு அரிசி மூட்டையில் உட்கார்ந்தீர்கள். அவளை எதிரில் இருந்த மூட்டையில் உட்காரச் சொன்னீர்கள். அவள் உட்காரவில்லை.

"ராக்கம்மா, இண்டைக்கு நான் வியாபாரி. ஊசி ஒவ்வொரு நாளும். இது என்ர விலை. உன்ர விலையைச் சொல்லு பாப்பம்."

அவள் என்னைப் பார்த்தாள். "சும்மா சொல்லு புள்ள" என்றேன்.

"ஞாயித்துக்கெழம வாரேங்க."

"ஞாயிறு மட்டும் எண்டால் முதலுக்கே மோசம்."

"அப்ப ரெண்டு நாளு."

"நான் குறைச்சாலும் நோய் குறைக்காது ராக்கம்மா. நாளிலை குறைக்க ஏலாது. வேற எதிலை குறைக்கலாம் எண்டு கேள்."

பிறகு அவள் மூட்டையில் உட்கார்ந்தாள். அதுவரை உங்களிடம் சொல்லாததையெல்லாம் ஒரே மூச்சில் சொன்னாள்.

"நீங்க காலையில போடுறீங்க. காலையில மலையில நிக்கலன்னா பேரு விழாது. பேரு விழலன்னா கூலியில்ல, அடுப்பு எரியாது. அந்திக்குக் கொழுந்த நிறுத்துப்போட்டு ஓடியாந்தா ஊசி ரூம்பு சாத்திக் கெடக்கு. அந்திக்குப் போடுவீங்கன்னா தெனமும் வாரேன். மழ பேஞ்சாலும் வாரேன்."

"அந்தி நேரம் எண்டால் நான் இஞ்ச கெரம் அடிக்கிற நேரமெல்லோ?"

"அது ஒங்க பாடுங்க."

மூன்று பேரும் சிரித்தோம். சிரித்து முடித்து, "படிஞ்சுது" என்று தொடையில் தட்டினீர்கள். போகிற போக்கில் என்னைப் பார்த்து, "அந்தக் கம்பளியையும் அவ கேட்ட விலைக்கே குடுங்கோ" என்றீர்கள். "ஒங்க பேரம் ஒங்களோட ஐயா" என்றேன். ஆனாலும் கொடுத்தேன்.

அன்றிலிருந்து பின்னேரங்களில் ஊசி அறை திறந்திருந்தது. என் கெரம் பலகை உங்கள் ஆஸ்பத்திரி விறாந்தைக்கு இடம் மாறியது. தலையில் மடித்துப் போட்ட கொங்காணிச் சாக்கோடு மலையிலிருந்து பெண்கள் இறங்கி வருவார்கள், விரல்களில் கொழுந்துக் கறை. நீங்கள் சிவப்புக் காயைக் குறி பார்த்துக்கொண்டிருக்கும்போதே யாராவது வந்து நிற்பார்கள். உடனே எழும்பிப் போவீர்கள். உள்ளேயிருந்து குரல் கேட்கும்: "சரி, உன்ர விலையைச் சொல்லு." பிறகு ஒரு நீண்ட பேச்சு, ஒரு சிரிப்பு. நான் பலகையில் பவுடரைத் தடவிக்கொண்டு காத்திருப்பேன். ஐயா, காத்திருந்து சலிக்காத ஒரே இடம் எனக்கு அந்த விறாந்தைதான். மிளகு விலை ஏறுமா என்று காத்திருந்ததில்கூட அந்தச் சுகம் இருந்ததில்லை.

ராக்கம்மா கன்னத்தில் சதை வைத்து, தொண்டை தெளிந்து, முன்னிலும் பலமாக என்னிடம் பேரம் பேசத் தொடங்கினாள். "இவள நீங்க சொகமாக்குனதுல நட்டம் எனக்குத்தான்" என்று உங்களிடம் முறைப்பாடு சொல்லியிருக்கிறேன்.

எழுபதுகளின் கடைசியில், நீங்கள் பலகைக்குமேல் குனியும்போது வயிற்றைப் பிடித்துக்கொண்டதை நான் கவனித்தேன். பெல்ட்டில் புதுத் துளை விழுந்திருந்தது. கேட்டால் வாய்வு என்றீர்கள். டொக்டர் சொன்னால் நான் என்ன செய்வது? ஒரு நாள் நீங்களாகவே, "கொழும்புக்கு ஒருக்காப் போகவேணும் முதலாளி, கூட வருவியளோ?" என்றபோது எனக்கு விளங்கிவிட்டது.

கொழும்பில் பார்த்த பெரிய டொக்டர் உங்களுக்குப் படிப்பித்தவராம். நீங்கள் அவருக்கு முன்னால் உட்கார்ந்தீர்கள். வாசல் பக்கத்தில் இருந்த கதிரையை எனக்குக் காட்டினார்கள். இங்கிலீசில் பேசினார். எனக்குத் தெரிந்தது பெட்டிமேல் எழுதுகிற இங்கிலீசு. ஆனாலும் நீங்கள் சொன்னது விளங்கியது. "யெஸ் சேர்." மறுபடியும் "யெஸ் சேர்." என்னுடைய டொக்டரையா, மேல்மலைச் சனம் மாதிரிக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

வெளியே வந்து கேட்டேன். "என்ன சொன்னாரு?"

"ஒப்பரேஷன். அடுத்த மாதம் வந்து படுக்கட்டாம்."

"செஞ்சா சரியாயிருமா?"

நீங்கள் நடக்கத் தொடங்கினீர்கள்.

"கேட்டீங்களா ஐயா?"

"எப்பிடிக் கேக்கிறது? அவர் எனக்குப் படிப்பிச்சவர்."

"ஒங்களுக்கு என்ன வேணும்?"

வெளி விறாந்தையில் நோயாளிகள் போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருந்தார்கள். நீங்கள் சுவரில் சாய்ந்துகொண்டீர்கள். "எனக்கு எல்லாம் தெரியும் முதலாளி. இது எங்க போய் முடியும் எண்டும் தெரியும். பிள்ளையளோட கொஞ்சக் காலம் இருக்கவேணும். இவ்வளவு வருசம் இருக்கேல்லை. வெட்டினால் அது கிடைக்குமோ, வெட்டாமல் விட்டால் கிடைக்குமோ? அது மட்டும்தான் எனக்குத் தெரியவேணும்."

"இத உள்ள சொல்லலியே ஐயா. ராக்கம்மா சொன்னா. ஒங்களால முடியாதா?"

"அவ கெட்டிக்காரி" என்றீர்கள். ஆனால் அந்த அறைக்கே திரும்பி நடந்தீர்கள்.

பெரிய டொக்டர் நிமிர்ந்து பார்த்தார். நீங்கள் நின்றுகொண்டிருந்தீர்கள். வாயைத் திறப்பதற்கு முன் ஒரு தரம் திரும்பி, வாசல் பக்கத்துக் கதிரையில் இருந்த என்னைப் பார்த்தீர்கள். நான் தலையை அசைத்தேன். நான் செய்தது அவ்வளவுதான்.

பிறகு நீங்கள் பேசினீர்கள். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். எழுந்து வந்து, தானே கதவைச் சாத்தினார். உங்களுக்குப் பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து நெடுநேரம் பேசினார். ஒரு கட்டத்தில் உங்கள் முழங்காலில் கை வைத்தார். நீங்கள் எதற்கோ மறுத்துத் தலையாட்டினீர்கள். அவர் யோசித்து வேறொன்று சொன்னார். ஒரு சொல்லும் எனக்கு விளங்கவில்லை. ஆனால் பேரம் நடக்கிறது என்று தெரிந்தது. பேரம் எந்தப் பாஷையில் நடந்தாலும் எனக்குத் தெரியும்.

திரும்பும் வழியில் பெரகலச் சந்தியில் ஏறி வந்த லொறியை நிறுத்தினோம். சந்தியை மூடி மூட்டம். தேத்தண்ணீரோடு ஒரு பணிஸும் கேட்டு வாங்கித் தின்றீர்கள். நீங்கள் ஆசையாகத் தின்று எவ்வளவோ நாளாகியிருந்தது.

"படிஞ்சுதா ஐயா?"

"படிஞ்சுது. வெட்டுறேல்லை. நோவுக்கு மருந்து, ஊர்ப் பக்கத்து டொக்டருக்குக் கடிதம், வீட்டுச் சோறு." கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு சொன்னீர்கள்: "எனக்கு நட்டம்தான் முதலாளி. ஆனால் ஏமாத்தேல்லை. உள்ளதைச் சொல்லித்தான் குடுத்தவர்."

பதுளை ஸ்டேஷனில் உங்களை ரயிலேற்றினேன். பெட்டியை மேலே வைத்துவிட்டு இறங்கி ஜன்னலோரம் நின்றேன். "முதலாளி, உங்களுக்கு வருத்தம் வந்தால் ஆர் கூடப் போவினம்?" என்று கேட்டீர்கள். "நீங்கதான்" என்றேன். "அந்த விலைக்கு என்னால குடுக்க ஏலாதே" என்று சிரித்தீர்கள். ரயில் நகர்ந்தது. அதன் பிறகு உங்களை நான் பார்க்கவில்லை.

உங்கள் வீட்டு அம்மா எழுதியிருந்தார். சின்ன மகளுக்குக் கெரம் பழக்கினீர்களாம், அவளிடமும் தோற்றீர்களாம். கடைசிக் கிழமைகளில் ஊர் டொக்டர் வீட்டுக்கு வரும்போதெல்லாம், "எந்த நேரம் முழிச்சிருக்கவேணும், எந்த நேரம் நித்திரை கொள்ளவேணும் எண்டு இவர் அவரோடை பேரம் பேசுவார்" என்று எழுதியிருந்தார். சின்ன மகள் பள்ளிக்கூடம் விட்டு வரும் நேரத்தில் முழிப்பாக இருப்பதுதான் நீங்கள் கேட்ட விலையாம். கிடைத்ததாம்.

பலகை இப்போது கடைப் பின்கட்டில் சுவரில் சாய்ந்து நிற்கிறது. கூப்பிட்டால் ஆடுவதற்கு ஆள் வருவார்கள். சிவப்பைக் குறி வைத்துவிட்டு அடிக்காமல் எழும்பிப் போகிற ஆள் வரமாட்டார்.

நாளைக்குக் கடையைப் பகல்வரை சாத்திவிட்டு, இந்த உறையோடு அந்தப் பிள்ளையிடம் திரும்பப் போகிறேன். எனக்குக் காலையில் சாப்பாடில்லை, மத்தியானம்தான் முதல் வாய், இதில் எங்கே குறைக்கலாம், எங்கே கூட்டலாம் சொல்லுங்கள் என்று கேட்கப் போகிறேன். கேட்டுவிடுவேன், அதில் சந்தேகமில்லை.

ஆனால் ஐயா, அந்த அறையிலும் வாசல் பக்கம் ஒரு கதிரை கிடக்கிறது. இன்று காலை காலியாக இருந்தது. நாளைக்கும் காலியாகத்தான் இருக்கும் என்று தெரியும். இருந்தாலும் வாயைத் திறப்பதற்கு முன் நான் ஒரு தரம் திரும்பிப் பார்ப்பேன்.