உங்களுக்காகக் காத்திருந்த கணினி

இன்று காலை கணினி அறைக் கதவைத் திறந்ததும் மல்லிகை வாசம் முகத்தில் அடித்தது. உங்கள் படத்துக்கு யாரோ மாலை போட்டிருக்கிறார்கள். நீங்கள் இறந்து ஓராண்டு ஆகிவிட்டதாம். செத்தவரைக் குறை சொல்லக் கூடாது என்று நினைப்பவர்கள் இங்கே உண்டு. எனக்கு அந்தப் பழக்கம் இல்லை. ஜன்னலைத் திறந்துவிட்டு உட்கார்ந்து எழுதுகிறேன்.

கோலா பிலாப் பக்கம் இடி இடித்தால் நம் செம்பனை எண்ணெய் ஆலையில் மின்சாரம் போகும். திரும்பி வந்ததும், லாரிகளை நிறுக்கும் எடைமேடைக் கணினி தானாக எழ வேண்டும். இயங்குதளம் எழும்போது ஸ்கிரிப்ட் என்ற சின்னச் சின்னக் கட்டளைக் கோப்புகளை வரிசையாக ஓட்டும். நெட்வொர்க்கை இணைக்க ஒன்று, கடைசியில் எடை போடும் செயலியைத் திறக்க ஒன்று. எந்த ஊர்க் கணினியும் செய்கிற வேலை. நம்முடையது மட்டும் நீங்கள் வந்தால்தான் அதை முடிக்கும்.

வருவீர்கள். திரையைத் தோளால் மறைத்துக்கொண்டு ஏதோ தட்டுவீர்கள். செயலி திறக்கும். "நான் இல்லன்னா இந்த மில்லே படுத்துரும் லா" என்பீர்கள். மேனேஜர் தலையாட்டுவார். கணினிப் பொறுப்பிலிருந்த உங்களுக்கு உதவியாளராகச் சேர்ந்த புதிதில் நானும் வியந்திருக்கிறேன்.

கெமாஸில் ஒரு கல்யாணத்துக்குப் போன அன்று போனை அணைத்துவிட்டீர்கள். இங்கே மின்சாரம் போய் வந்தது, செயலி திறக்கவில்லை. குலை ஏற்றிய லாரிகள் ரோடு வரை நின்றன. எடைமேடையில் கணக்கெழுதும் கிராணி கமலாக்கா டிரைவர்களின் வசவையெல்லாம் வாங்கிக்கொண்டு நின்றார். மாலையில் பட்டு வேட்டியோடு வந்தீர்கள். தட்டினீர்கள். திறந்தது. ஏன் இப்படி ஆனது என்று மேனேஜர் கேட்டதும், யோசிக்கக்கூட இல்லை, கமலாக்காவைக் காட்டினீர்கள்.

"இந்தம்மா தப்பா ஆஃப் பண்ணிருக்கு."

"ஐயோ, நான் தொடவே இல்ல சார்!" என்றார் அவர்.

"நான் கூடவே இருந்தேன் சார், அக்கா தொடல" என்றேன் நான்.

என்னைத் திரும்பிப் பார்க்கவும் இல்லை நீங்கள். "நேத்து வந்த பொண்ணு. இதுக்கு என்ன தெரியும்?"

கமலாக்காவை வேலையை விட்டு அனுப்பினார்கள். மறுநாள் கேன்டீனில் நீங்கள் கோழிக் குழம்பு நன்றாக இருக்கிறதென்று மறுசோறு வாங்கினீர்கள்.

பிறகு மாரடைப்பில் போனீர்கள். அடுத்த இடிக்குக் கணினி வழக்கம்போல நின்றது. எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். ஸ்கிரிப்டுகளைத் திறந்து ஒவ்வொரு வரியாகப் படித்தேன். கடைசிக் கோப்பில் நீங்கள் செருகிய ஒரு வரி: தற்காலிகக் கோப்புறையில் உங்கள் பெயரில் ஒரு கோப்பு இல்லையென்றால், சத்தம் காட்டாமல் நிறுத்திவிடு. அந்தக் கோப்புறையோ கணினி எழும்போதெல்லாம் காலியாகிவிடும். நீங்கள் வந்து அந்தக் கோப்பை மறுபடி உருவாக்கும்வரை செயலி திறக்காது. இதுதான் உங்கள் மேதைமை. இந்த அற்பப் பூட்டைக் காப்பாற்ற ஒரு பெண்ணின் பிழைப்பைக் கெடுத்தீர்கள்.

வரியை அழித்தேன். கணினி தானாக எழுந்தது. மேனேஜரைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"ஆளே போயிட்டாரும்மா. இப்ப எதுக்கு?"

"அக்கா போகலையே சார். ராசா ஊர்லதான் இருக்காங்க."

மறுநாள் மேனேஜரே என்னையும் ஏற்றிக்கொண்டு காரை எடுத்தார். ஒரு சாப்பாட்டுக் கடையில் கமலாக்கா வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார். மேனேஜர் மன்னிப்புக் கேட்டு முடிக்கும்வரை அவர் கையிலிருந்த கத்தி நிற்கவில்லை.

"எல்லாரும் பாக்கத்தானே அனுப்புனீங்க? எல்லாரும் கேக்குற மாதிரி மன்னிப்பச் சொல்லுங்க, வரேன்."

டிரைவர்கள் நடுவில், எடைமேடை முன்னால் நின்று, அக்கா மேல் தப்பே இல்லை என்று மேனேஜர் சொன்னார். கமலாக்கா தன் நாற்காலியில் உட்கார்ந்ததும் என்னிடம் கேட்டார், "அந்த மனுசன் ஏம்மா அப்படிச் செஞ்சாரு?"

"எல்லாரும் அவரையே கூப்பிடணும்னுதான்க்கா."

"த்தூ. மனுசனா பழகியிருந்தாலே கூப்பிட்டிருப்போமே லா."

இப்போது நான் எழுதும் ஒவ்வொரு ஸ்கிரிப்டின் தலையிலும், இது எதற்கு, நின்றுபோனால் என்ன செய்வது என்று கமலாக்காவுக்கும் புரிகிற மாதிரி எழுதிவைக்கிறேன். நல்ல மனதால் செய்கிறேன் என்று எண்ணிக்கொள்ளாதீர்கள். உங்கள் மேலுள்ள அருவருப்புதான் செய்ய வைக்கிறது. அது என்னோடு இருக்கட்டும். நாளைக்கே நான் போய்ச் சேர்ந்தாலும் லாரிகள் நிற்காது.